குளிரிலே மலரும் றொடோடென்டிரன்

ஹோட்டன் சமவெளிக்குச் சென்று வந்தோர், முறுகி வளைந்த அடிமரமும் தடித்த கரும்பச்சை இலைகளும் செந்நிறப் பூங்கொத்துகளும் உடைய மரமொன்றை அங்கே கண்டிருப்பர். சிங்கள மக்கள் அதனை மகா ரத்மல் என்பர். நீலகிரி மலையிலுள்ள அதன் உறவினத்தைத் தமிழர் காட்டுப்பூவரசு என வழங்குவர். தாவரநூலார் இட்ட பெயர் றொடோடென்டிரன். ரோசா மரம் என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். ஆயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள் இதில் உள. அவற்றுட் பல இமயமலையிலும் தென்மேற்குச் சீனத்திலும் வளர்வன.

இவற்றுள் சில, பிறந்த மலையை விட்டு இங்கிலாந்து சென்று, அங்கே குளிர்காலம் முடியுமுன்னரே பூக்கத் துணிகின்றன. என்றும் பசிய இலையுடைய அச்செடிகளைத் தோட்டக்காரர் எவ்வாறு காக்கின்றனர் என்பதே இன்றைய பேச்சு.

நம் ஹோட்டன் சமவெளி மரம் எந்த இனத்தின் கிளையோ, அவ்வினத்தைச் சேர்ந்த இமயமலைச் செடி இங்கிலாந்தில் முதன்முதலாகப் பூத்தது 1825 ஆம் ஆண்டில். தொடக்கத்தில் அதனைக் கண்ணாடி வீட்டினுள் வைத்தே போற்றினர். பின்னர், கோக்கசஸ் மலையில் வாழும் குளிர்தாங்கும் இனமொன்றோடு அதனைக் கலந்து நோபிலியானம் என்னும் கலப்பினத்தைப் பெற்றனர். ஜோசப் டால்டன் ஹூக்கர் என்னும் தாவர அறிஞர் 1848 முதல் 1850 வரை சிக்கிம் மலைகளில் அலைந்து பல புதிய இனங்களின் விதைகளைத் திரட்டி அனுப்பினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்சன், ஃபொரஸ்ட் ஆகியோர் சீனத்திலிருந்து மேலும் பலவற்றைக் கொணர்ந்தனர். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள கோர்ன்வால் மாவட்டத்துத் தோட்டங்களில் இவை செழித்தன. கடலின் வெதுவெதுப்பும், நிறைந்த மழையும், மரமடர்ந்த பள்ளத்தாக்குகளும் அங்கே ஒருங்கே அமைந்தமையே காரணம்.

ஆயினும் முன்கூட்டிப் பூப்பதில் ஓர் இடர் உண்டு. அடுத்த ஆண்டின் மொட்டு முந்திய கோடையிலேயே உருவாகிவிடுகிறது. மூடிய மொட்டு கடுங்குளிரையும் தாங்கும். அதுவே விரிந்துவிட்டாலோ, நீர் உறையும் நிலைக்குச் சற்றே கீழிறங்கிய ஓர் இரவு போதும்; விடியும்போது இதழ்கள் யாவும் நனைந்த பழுப்புத் தாள்போல் தொங்கும். செடி சாவதில்லை, ஓராண்டுப் பூ போய்விடுகிறது.

மறைவான இடம் என்றவுடன் நான்கு புறமும் மதில் எழுப்பிய இடம் என்று பலர் எண்ணுவர். அது தவறு. குளிர்ந்த காற்று கனமானது. இரவில் அது நீரைப்போலவே சரிவு வழியே வழிந்து, தாழ்ந்த இடத்தில் தேங்கும். நுவரெலியாப் பகுதித் தோட்டங்களில் வாழும் நேயர்களுக்கு இது புதிதன்று. தை, மாசி மாதங்களில் உறைபனி விழும்போது, மேட்டிலுள்ள தேயிலை தப்பப் பள்ளத்திலுள்ள தேயிலைக் கொழுந்து கருகிக் கிடப்பதை அவர்கள் கண்டிருப்பர். எனவே சரிவின் அடியிலே மதில் எழுப்புவது குளிருக்கு அணைகட்டுவதாகவே முடியும். சரிவின் நடுப்பகுதியே செடிக்கு நல்ல இடம்; கீழே வேலி இருப்பின் காற்று வெளியேற அதில் வழிவிடல் வேண்டும்.

மதிலுக்கு மற்றொரு குறையும் உண்டு. வேகமாக வரும் காற்று அதன்மேல் ஏறி, மறுபுறத்தில் சுழன்று விழுகிறது. செடிவேலியோ காற்றைத் தடுக்காமல் வடிகட்டித் தளர்த்துகிறது. முற்காலத்தில் இவ்வேலிக்கென நட்ட பொன்டிக்கம் என்னும் றொடோடென்டிரனே பின்னர் காடுகளிற் பரவிப் பெருங்களையாயிற்று. இன்று அதனை வெட்டியழிக்கப் பெரும்பொருள் செலவாகிறது. காவலுக்கு வைத்தவனே வீட்டைக் கைப்பற்றிய கதைதான்.

காற்றுத்தடை பூவுக்கு மட்டுமன்று, இலைக்கும் வேண்டும். குளிர்காலத்திலும் இலை உதிராத செடி, அப்போதும் நீரை ஆவியாக்கிக்கொண்டே இருக்கும். உறைந்த மண்ணிலிருந்து வேரினால் நீரெடுக்க இயலாது. அந்நேரம் இலைகள் சுருட்டுப்போல் சுருண்டு கீழ்நோக்கித் தொங்குவதைக் காணலாம். குளிர் நீங்கியதும் அவை மீண்டும் விரியும்.

தலைக்குமேல் உயர்ந்த மரங்களின் கிளை இருத்தலும் நன்று. மேகமற்ற இரவில் நிலத்தின் வெப்பம் வானோக்கிப் போய்விடாமல் அக்கிளைகள் ஓரளவு தடுக்கும். ஆழவேர் கொண்ட ஓக்கு மரம் இதற்கு ஏற்றது. மேல்மண்ணிலேயே வேர்பரப்பும் பீச்சு மரம் செடியின் உணவையும் நீரையும் தானே உண்டுவிடும். காலை வெயில் நேரே படும் கிழக்குப் பக்கத்தையும் தவிர்ப்பர். உறைந்த இதழ் மெல்ல உருகினால் சிலவேளை பிழைக்கும். வெயிலில் சடுதியாக உருகினால் பிழையாது.

மண்ணைப் பற்றிச் சுருங்கச் சொல்வேன். அமிலத்தன்மையுள்ள மண்ணே இதற்கு ஆகும். சுண்ணாம்பு கலந்த மண்ணில் வேரினால் இரும்புச்சத்தைப் பெற முடியாமல், நரம்பு பச்சையாக நிற்க இலை மஞ்சளாகும். யாழ்ப்பாணத்துக் கிணற்றுநீரை வார்த்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. மயிரிழை போன்ற வேர்கள் மேற்பரப்பிலேயே பரவுவதால், ஆழ நடுதலும் அடியைக் கொத்துதலும் கூடா. மக்கிய இலைச்சருகை மேலே பரப்பினாற் போதும். கோடை இறுதியில் வேர் காய்ந்தால் மொட்டுக் குறையும். அப்பொழுது மழைநீர் சேமித்து வார்ப்பர். இலையிலும் தேனிலும் நஞ்சு உண்டாதலால் ஆடுமாடுகளை அண்டவிடலாகாது.

இத்தனை செய்தும் சில ஆண்டுகளில் பனியே வெல்லும். இதனாலேயே நோபிலியானத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். அது மொட்டுகளை ஒருங்கே விரிப்பதில்லை. குளிர் தணியும் நாட்களில் மார்கழி தொடங்கிப் பங்குனி வரை சிறிது சிறிதாக விரிக்கும். ஓர் இரவில் விரிந்தவை கருகினும், மூடியவை அடுத்த நல்ல நாளுக்குக் காத்திருக்கும். ஏனைய இனங்களை வளர்ப்போர், வானம் தெளிந்து காற்று ஓய்ந்த மாலையில் சிறு செடிகளின்மேல் துணி விரிப்பர். பெருஞ்செடியாயின், நிறங்காட்டும் மொட்டுள்ள சில கிளைகளைப் பொழுது சாயுமுன் வெட்டி நீர்ச்சாடியில் வைப்பர். வெளியே பனி கொட்டும் நாட்களில் அவை வீட்டினுள்ளே விரியும்.