லொறிக்காரர் முதலாளியா, தொழிலாளியா?

பேராதனையிலிருந்து கம்பளைக்குச் செல்லும் வீதியில், மகாவலி கங்கையை அண்டி அமைந்துள்ள சிற்றூர் கெலிஓயா. நுவரெலியாவின் கோவாவையும் கரட்டையும் லீக்சையும் சுமந்த லொறிகள், பொழுது புலருமுன்னரே இவ்வூரின் கடைவீதியைக் கடந்து கண்டிக்கும் தம்புள்ளைக்கும் விரைவதை இங்குள்ளோர் நாள்தோறும் காண்கின்றனர். சொந்த லொறியைத் தாமே ஓட்டிச் செல்பவரை ஊரார் ‘லொறி முதலாளி’ என்று மரியாதையுடன் அழைப்பதும் உண்டு. அவர் மெய்யாகவே முதலாளிதானா? என் மாணவன் ஒருவன் என்னை இக்கேள்வியின் முன் நிறுத்திவிட்டான்.

அவன் ஒரு விண்ணப்பப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தான். ‘தந்தையின் தொழில்’ என்ற இடத்தில் ‘லொறி உரிமையாளர்’ என்று எழுதினான். அடுத்த வரி ‘தொழில்கொள்வோரின் பெயர்’. அங்கே பேனா நின்றுவிட்டது. “சேர், அப்பா பதினொரு வருஷமாக ஒரே கம்பனிக்குத்தான் ஓடுகிறார். ஆனால் லொறி எங்களுடையது. கம்பனியின் பெயரை எழுதலாமா?” என்று கேட்டான்.

என்னால் உடனே விடையளிக்க முடியவில்லை. அவனுடைய தந்தையின் லொறியில் கம்பனியின் வர்ணம் தீட்டப்பட்டிருக்கிறது. கம்பனி அழைக்கும் நேரத்தில் அவர் போக வேண்டும். பிறருடைய சுமையை ஏற்றுதல் ஆகாது. ஆயினும் டீசலும் டயரும் காப்புறுதியும் லீசிங் தவணையும் அவர் பொறுப்பே. இரண்டு ஆண்டுகளுக்கு முன் றம்பொடை வளைவொன்றில் லொறி புரண்டு அவருடைய கால் முறிந்தது. மூன்று மாதங்கள் வீட்டிலே படுத்திருந்தார். சம்பளமும் இல்லை, நட்டஈடும் இல்லை. தவணை மட்டும் தவறாமல் வந்தது. மாணவனின் தாயார் நகைகளை அடகு வைத்தார். உதவி கேட்டுச் சென்றபோது, “நீங்கள் எங்கள் ஊழியர் அல்லர், ஒப்பந்தகாரர்” என்பதே கிடைத்த விடை.

‘ஊழியர்’ என்ற இந்த ஒரு சொல்லிலே தொங்கிக்கொண்டிருப்பவை எத்தனை என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. தொழிலின்போது நேரும் காயத்துக்கு ஈடு வழங்கும் கட்டளைச் சட்டம் நம் நாட்டில் 1934-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. 1958-ஆம் ஆண்டின் சட்டம் ஊழியர் சேமலாப நிதியைத் தந்தது. இன்று அந்நிதிக்கு ஊழியர் தம் சம்பளத்தில் நூற்றுக்கு 8 வீதமும், தொழில்கொள்வோர் 12 வீதமும் செலுத்த வேண்டும். 1980-ஆம் ஆண்டில் வந்த ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில்கொள்வோர் மேலும் 3 வீதம் கட்ட வேண்டும். ஐந்தாண்டு சேவை முடித்தவர்க்குரிய பணிக்கொடை 1983-ஆம் ஆண்டில் சட்டமாயிற்று.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 60,000 ரூபா பெறும் சாரதி ஒருவருக்குக் கம்பனி தன் பங்காகச் செலுத்த வேண்டிய 12 வீதமும் 3 வீதமும் சேர்ந்து 9,000 ரூபா. பதினோராண்டுகளில் இது, வட்டி நீங்கலாகவே, 11,88,000 ரூபா ஆகின்றது. அதே வேலையைச் செய்பவர் ‘ஒப்பந்தகாரர்’ எனப் பெயர் பெற்றால் இந்தத் தொகையில் ஒரு சதமும் அவரைச் சேராது. கம்பனிகள் அப்பெயரை விரும்புவதன் காரணம் இதிலிருந்தே புலனாகும்.

‘உரிமையாளர்’ என்ற சொல்லையும் சற்று உரைத்துப் பார்த்தல் நன்று. லீசிங்கில் வாங்கிய லொறியின் பதிவுப் புத்தகத்தில், கடன் தீரும்வரை நிதிக் கம்பனியே முழு உரிமையாளர். ஓட்டுபவர் பதிவுபெற்ற உரிமையாளர் மாத்திரமே. தவணைகள் தவறினால் லொறி கைமாறிவிடும். இத்தகையவரை முதலாளி என்பது எவ்வளவு பொருந்தும்?

சரி, சட்டம் யாதுரைக்கின்றது? 1950-ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம் தொழிலாளிக்குத் தரும் வரைவிலக்கணம் விரிந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருந்தாலும் வாய்மொழியாக இருந்தாலும், சேவை ஒப்பந்தமாயினும், ஒரு வேலையைத் தாமே நேரிற் செய்து முடிக்கும் ஒப்பந்தமாயினும், அதற்குள் அடங்கும். ஆகவே தாளில் எழுதிய பெயர் ஒன்றே முடிந்த முடிபாகாது. வேலையைக் கட்டுப்படுத்துபவர் யார், இலாப நட்டம் யாருடையது, தமக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பலாமா, அவ்வேலை கம்பனியின் அலுவலில் ஓர் அங்கமா என்பவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்த்தே நீதிமன்றங்கள் இத்தகைய வழக்குகளில் முடிவு காண்கின்றன. மூன்று லொறிகளை வைத்து ஆட்களைக் கொண்டு ஓட்டுவிப்பவருக்கும், ஒரே லொறியைத் தாமே ஓட்டுபவருக்கும் வேறுபாடு உண்டன்றோ?

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் ரெடி மிக்ஸ்ட் கொன்கிறீற் கம்பனியின் வழக்கு 1968-ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகளில் இடம்பெற்றுப் புகழ் பெற்றது. அங்கும் சாரதி தவணை முறையில் லொறியை வாங்கினார். கம்பனியின் வர்ணத்தைப் பூசினார். கம்பனியின் சீருடையை அணிந்தார். ஆயினும் லொறி அவருடையது, இலாப நட்டமும் அவருடையது, தேவையாயின் மாற்றுச் சாரதியை அமர்த்தவும் அவருக்கு இடமுண்டு என்று கண்ட நீதிபதி, அவர் ஊழியர் அல்லர் எனத் தீர்ப்பளித்தார்.

அவுஸ்திரேலியாவிலோ இதனினும் உருக்கமான வழக்கொன்று நிகழ்ந்தது. 1977-ஆம் ஆண்டில் ஒரு கம்பனியில் ஊழியராகச் சேர்ந்த இரண்டு சாரதிகளிடம், 1985-ஆம் ஆண்டின் இறுதியில், “இனி உங்களை ஊழியராக வைத்திருக்க மாட்டோம், லொறிகளை விலைக்கு வாங்கி ஒப்பந்தகாரராக ஓட்டுங்கள்” என்று கம்பனி கூறிற்று. இருவரும் தத்தம் மனைவியருடன் கூட்டு வாணிகம் அமைத்து லொறிகளை வாங்கினர். 2017 வரை அதே கம்பனிக்கே ஓடினர். இறுதியில் விடுமுறைக் கொடுப்பனவும் ஓய்வூதியப் பங்கும் கேட்டு வழக்குத் தொடுத்தபோது, அந்நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் 2022 பெப்ரவரியில் அவர்கள் ஊழியர் அல்லர் என்று முடிவு கூறிற்று. எழுத்திலுள்ள ஒப்பந்தமே அங்கு மேலோங்கி நின்றது.

அப்படியாயின் லொறிக்காரர் யாவரையும் ஊழியர் என்று சட்டம் அறிவித்துவிட்டாற் போதுமே என வாசகர் எண்ணலாம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் ஏறத்தாழ அவ்வழியையே நாடியது. 2020 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, ஒரு கம்பனியின் வழக்கமான தொழிலையே செய்பவர் ஒப்பந்தகாரர் ஆதல் அரிது. லொறிகளைப் பொறுத்தவரை வழக்குகளால் தடைப்பட்டிருந்த இச்சட்டத்துக்கு, 2022 ஜூன் மாதத்தில் அமெரிக்க உயர் நீதிமன்றம் அவ்வழக்கை ஏற்க மறுத்ததோடு வழி திறந்தது. மறுமாதமே ஒக்லண்ட் துறைமுக வாயில்களை மறித்து நின்றோர் யார்? சொந்த லொறிக்காரரே! தமது நேரத்தையும் சுமையையும் தாமே தெரிவுசெய்யும் சுதந்திரம் பறிபோகும் என்று அவர்கள் அஞ்சினர். அவ்வச்சத்தை வீண் என்று தள்ளிவிட முடியாது. கடன்பட்டேனும் ஒரு லொறியை வாங்குபவர், பிறர் கையை எதிர்பாராது வாழும் ஆசையினாலன்றோ வாங்குகின்றார்?

எனவே ‘ஊழியர்’ என்றால் சுதந்திரம் இல்லை, ‘உரிமையாளர்’ என்றால் பாதுகாப்பு இல்லை என்ற இரண்டே அறைகள் கொண்ட வீடாகச் சட்டம் இருத்தல் தகாது. அவுஸ்திரேலியா 2024-ஆம் ஆண்டில் தன் சட்டத்தைத் திருத்தியது. எழுத்தை மட்டுமன்றி மெய்யான நடைமுறையையும் நோக்க வேண்டும் என்று விதித்ததோடு, லொறிக்காரர் ஒப்பந்தகாரராகவே இருந்தாலும் அவர்க்குரிய குறைந்தபட்ச நிபந்தனைகளை வகுக்கும் அதிகாரத்தை ஓர் ஆணையத்துக்கு வழங்கியது. லொறியும் அவருடையதாக இருக்கட்டும், கால் முறிந்தால் அவர் குடும்பமும் பட்டினியின்றி இருக்கட்டும் என்னும் இவ்வழி நம் நாட்டவரும் ஆராயத்தக்கது.

அதுவரை நம் குடும்பங்கள் செய்யத்தக்கவை சில உண்டு. ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன் அதை வீட்டில் எழுத்தறிந்த பிள்ளைகளைக் கொண்டேனும் முழுவதும் வாசியுங்கள். ஓடிய நாளையும் சுமையையும் பெற்ற பணத்தையும் ஒரு கொப்பியில் நாள்தோறும் குறித்து வையுங்கள். பிணக்கு நேரும்போது அதுவே சாட்சி. ஐயமுண்டாயின் தொழில் திணைக்களத்தை அணுகுங்கள். சுயதொழில் புரிவோர்க்கென 1996-ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த சமூகப் பாதுகாப்புச் சபையின் ஓய்வூதியத் திட்டத்தையும் விசாரித்து அறியுங்கள்.

என் மாணவன் அந்த வரியை வெறுமையாகவே விட்டுப் படிவத்தைக் கொடுத்தான். அன்று மாலை ஒரு புதிய கொப்பியை வாங்கி, முதற் பக்கத்தில் தந்தையாரின் லொறி இலக்கத்தை எழுதினானாம். இப்போது ஒவ்வோர் இரவும், தந்தையார் சொல்லச் சொல்ல அவன் எழுதுகின்றான்.