எழுத்தால் அச்சேறும் இசை

ஐரோப்பிய சங்கீதத்தை அச்சிடுவதற்கு, உலோகத் தகட்டின்மேல் ஐந்து பற்களுள்ள கருவியால் ஐந்து கோடுகளையும் ஒருங்கே கீறி, ஸ்வரக்குறி பொறித்த எஃகு அச்சுகளைச் சுத்தியலால் அடித்து, அனைத்தையும் இடவலம் மாற்றியே பதித்த கைவினைஞர் ஒரு காலத்தில் இருந்தனர். ஒரு குறிக்கும் அடுத்த குறிக்கும் இடையே எவ்வளவு வெளி வேண்டும் என்பதை அவர்கள் கண்ணே நிர்ணயித்தது. கணினி யுகத்தில் அந்தக் கண்ணின் பொறுப்பை யார் ஏற்பது என்பதில்தான் இசையெழுதும் மென்பொருள்கள் இரு மார்க்கங்களாகப் பிரிகின்றன.

1993-இல் ஃபின் என்னும் இரட்டைச் சகோதரர்கள் வெளியிட்ட சிபேலியஸும், இலவசமாகக் கிடைக்கும் மியூஸ்கோரும் சித்திர மார்க்கத்தைச் சேர்ந்தவை. திரையிலுள்ள கோடுகளின்மேல் குறியை வைத்ததும் அது அங்கே அமர்ந்து, ஒலித்தும் காட்டும்.

1996-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த ஹான்-வென் நீன்ஹைஸ், யான் நியூவென்ஹைசன் ஆகிய இருவர் தொடங்கிய லில்லிபாண்டிலோ கோடுகளே கிடையா. வெறும் எழுத்துகளைத் தட்டச்சு செய்யவேண்டும். ‘சி’ என்ற எழுத்தை அடுத்து 4 என்ற எண் வந்தால், அந்த ஸ்வரம் முழு ஸ்வரத்தின் காற்பங்கு நேரம் ஒலிக்கவேண்டும் என்பது பொருள். ‘ஸரிகம’ எழுதிப் பழகிய நம்மவர்க்கு இம்முறை அந்நியமாகத் தோன்றாது. ஆயினும் நம் முறையில் ஸ்வரத்தை நீட்டும் காற்புள்ளி, அங்கே ஒரு ஸ்தாயி கீழே இறக்கிவிடும் என்பதை நினைவில் வைப்பது நலம்!

எழுதியதைப் பக்கமாக்கும்போதுதான் லில்லிபாண்டின் சாமர்த்தியம் புலனாகிறது. இருமடங்கு நேரம் ஒலிக்கும் ஸ்வரத்துக்கு இருமடங்கு இடம் கொடுத்தால் பக்கம் அவலட்சணமாகும் என்பதையும், ஸ்வரக்குறிகளின் மேல்நோக்கிய காம்பும் கீழ்நோக்கிய காம்பும் அடுத்தடுத்து நின்றால் இடைவெளி கண்ணை ஏமாற்றும் என்பதையும் பழைய கைவினைஞர் அறிந்திருந்தனர். பேரன்ரைட்டர் நிறுவனம் 1950-இல் வெளியிட்ட பாக்கின் செல்லோ இசைப் பதிப்பைப் போன்ற கைவேலைகளைக் கூர்ந்து நோக்கி, அந்த ஞானத்தையே லில்லிபாண்டைத் தொடங்கிய இருவரும் விதிகளாக்கினர். எல்லாம் எழுத்தாகவே இருப்பதால், உருப்படி முழுவதையும் வேறு சுருதிக்கு மாற்ற ஒரே கட்டளை போதும்; இரு பிரதிகளின் பேதங்களையும் வரிவரியாக ஒப்பிடலாம்.

ஆனால் ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனாலும் பக்கம் பிழைபட்டு நிற்கும். மெட்டைத் தேடித் தடவிக்கொண்டிருப்பவருக்கு இது பெருந்தொல்லை. அவருக்குச் சித்திர மார்க்கமே உகந்தது. முடிந்த உருப்படியைப் பதிப்பிப்பவருக்கே லில்லிபாண்டைச் சிபாரிசு செய்வேன். அவருக்கும் ஃப்ரெஸ்கோபால்டி என்ற துணைமென்பொருள் உண்டு: ஒருபுறம் எழுத்து, மறுபுறம் அச்சுப்பக்கம், பக்கத்தில் ஒரு குறியைச் சொடுக்கினால், அதற்குரிய எழுத்தினிடம் சுட்டி போய் நிற்கும்.