நீலச்சாயம் இல்லாத நீலப் பறவை

நுவரெலியாவை அடுத்த ஹக்கலைக் காட்டில், பனிமூட்டம் விலகும் காலைகளில் நீலப் பறவையொன்று கிளைக்குக் கிளை தாவி இரை தேடும். அலகும் காலும் சிவப்பு, தலை செம்பழுப்பு, உடலும் நீண்ட வாலும் பளீரென்ற நீலம். காகத்தின் குடும்பம்தான். சிங்களத்தில் கெஹிபெல்லா, ஆங்கிலப் பெயர் நீல மேக்பை. இலங்கையைத் தவிர வேறெந்த நாட்டுக் காட்டிலும் இது கிடையாது.

தலையின் செம்பழுப்பு, மெலனின் என்ற நிறமி தருவது. உடலின் நீலத்துக்கு அப்படி ஒரு நிறமி இல்லை.

நீல இறகின் இழைக்குள் கெரட்டின் புரதம் கடற்பஞ்சு போல நுண்துளைகளோடு அமைந்திருக்கும். நீல ஒளியின் அலைநீளம் சுமார் 450 நானோமீட்டர். துளைகள் அதைவிடச் சிறியவை. அவற்றின் இடைவெளி ஏறக்குறைய சீராக இருப்பதால், சிதறும் நீல அலைகள் ஒன்றையொன்று வலுப்படுத்தி நம் கண்ணுக்கு வருகின்றன. மற்ற நிறங்களை அடியிலுள்ள மெலனின் விழுங்கிவிடுகிறது. உதிர்ந்த நீல இறகு கிடைத்தால் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்: நீலம் மறைந்து பழுப்பாகத் தெரியும்.

திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமன், நோபல் பரிசு பெற்ற நான்காவது ஆண்டில், 1934இல், பனங்காடை என்ற பறவையின் நீல இறகுகளை ஆராய்ந்து இந்த நிறத்தின் மூலத்தைப் பற்றிக் கட்டுரை எழுதினார். இறகுத் துளைகளின் சீரான அமைப்பே நீலத்துக்குக் காரணம் என்பதை 1998இல் ரிச்சர்ட் பிரம் குழுவினர் நிறுவினர்.

பொருள் எது என்பதைவிட, அது எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதே இங்கு ஒளியை ஆள்கிறது. மனிதர் இப்போது அதையே வேண்டியபடி வடிவமைக்கிறார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபெடரிகோ கபாசோவின் குழு 2016இல் ஒரு தட்டை லென்ஸைக் காட்டியது. வெள்ளைப் பெயின்டில் கலக்கும் டைட்டானியம் டைஆக்சைடால், 600 நானோமீட்டர் உயரத் தூண்களைக் கண்ணாடிமேல் நட்டிருந்தார்கள். ஒவ்வொரு தூணும் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறதோ, அதற்கேற்ப ஒளியலை முந்தியோ பிந்தியோ வெளியேறும். அந்தத் திருப்பத்தைக் கணக்கிட்டு வரிசையாக மாற்றினால், வளைவே இல்லாத பரப்பு ஒளியை ஒரு புள்ளியில் குவிக்கும்.

அந்த அமைப்பை இறகிலேயே கொண்ட கெஹிபெல்லாவுக்கோ அடர்ந்த காடு வேண்டும். மலைகளில் அந்தக் காட்டின் பெரும்பகுதி 19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் வெட்டப்பட்டது. இன்று இப்பறவை அழியும் ஆபத்தை எதிர்நோக்கும் இனங்களின் பட்டியலில் இருக்கிறது. தேயிலை மலைகளுக்கு இடையே ஓடைக்கரைகளிலும் உச்சிகளிலும் எஞ்சியுள்ள காட்டுத் துண்டுகளை வெட்டாமல் விட வேண்டும்.