பையன் தேறுவானா? திறமை தேடி வருபவர்களின் கண்ணில் படுவது எது?

பேரணாம்பட்டுத் தோல் தொழிற்சாலைகளில் 'செலக்‌ஷன்' என்று ஒரு வேலை உண்டு. வெளிர் நீலத்தில் ஈரமாக இருக்கும் 'வெட் ப்ளூ' தோலை மேஜையில் விரித்து, கையால் தடவி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார்கள். உண்ணி கடித்த தழும்பு, முள் கீறல், உரிக்கும்போது விழுந்த கத்தி வெட்டு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்து, இது முதல் தரம், இது மூன்றாம் தரம் என்று ஒதுக்கிவிடுவார்கள். பழகிய கைக்குச் சில நொடிகள் போதும்.

சாயங்காலமானால் அதே ஊரில் காலி இடம் கிடைக்கும் பக்கமெல்லாம் டென்னிஸ் பந்து கிரிக்கெட். வேலிக்கு வெளியே சிக்ஸர் அடிக்கும் பத்தாம் வகுப்புப் பையனைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரர் அவன் அப்பாவிடம் சொல்வார்: "உன் பையன் பெரிய ஆளா வருவான்ப்பா!" அப்பாவுக்குள் அன்று இரவே ஒரு கேள்வி முளைத்துவிடும். உண்மையிலேயே வருவானா? இல்லை, பப்ளிக் பரீட்சையை ஒழுங்காக எழுதச் சொல்வதுதான் நல்லதா? தோலைத் தரம் பிரிக்க ஊரிலேயே ஆள் இருக்கிறது. பையனைத் தரம் பிரிக்க?

அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு தொழில் இருக்கிறது. பெயர் ஸ்கவுட். (சாரணர் இயக்கம் நினைவுக்கு வந்தால், அது வேறு.) பள்ளிக்கூட பேஸ்பால் மைதானங்களில் ஸ்டாப் வாட்சும் வேகமானியும் நோட்டுப் புத்தகமுமாக உட்கார்ந்திருப்பவர்கள் இவர்கள். அந்தக் கண் ஒருமுறை இந்தியப் பையன்கள் மீதும் விழுந்தது. 2008-ல் ஜே.பி.பெர்ன்ஸ்டீன் என்ற விளையாட்டு ஏஜென்ட், 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்ற போட்டியை இங்கே நடத்தினார். பந்தை வேகமாகவும் குறி தவறாமலும் எறிய வேண்டும், அவ்வளவுதான். 30,000-க்கும் மேற்பட்டவர்கள் எறிந்து பார்த்தார்கள். மணிக்குச் சுமார் 140 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்து ஒரு லட்சம் டாலர் பரிசை வென்றவர், உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த லாரி டிரைவரின் மகன் ரிங்கு சிங். கூடவே தேர்வானவர் தினேஷ் படேல். இருவருமே ஈட்டி எறிபவர்கள். பேஸ்பாலை அதற்கு முன் தொட்டதுகூட இல்லை!

லாஸ் ஏஞ்சல்ஸில் டாம் ஹவுஸ் என்ற பயிற்சியாளரிடம் சில மாதப் பயிற்சி. அந்த நவம்பரிலேயே பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி இருவரையும் ஒப்பந்தம் செய்தது. 2014-ல் டிஸ்னி இதைப் படமாக்கியது. இசை நம் ஏ.ஆர்.ரஹ்மான். படம் அந்த ஒப்பந்தத்தோடு சுபமாக முடிந்துவிடும். நிஜம் அப்படி முடியவில்லை. தினேஷை 2010-ல் அணி விடுவித்துவிட்டது. ரிங்கு கீழ்நிலை லீகுகளில் சில ஆண்டுகள் நன்றாகவே எறிந்தார். பிறகு காயங்கள் துரத்தின. மேஜர் லீகைத் தொடாமலே 2016-ல் வெளியே வந்து, மல்யுத்த மேடைக்குப் போய், டபிள்யூ.டபிள்யூ.இ-யில் 'வீர் மகான்' ஆனார்.

வேகத்தை மட்டும் வைத்து ஆளை எடுத்தால் எதுவரை போகலாம், எங்கே நின்றுவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான கதை இல்லை. வேகமானி ஒரு எண்ணைத்தான் காட்டும். மற்றதெல்லாம் கண்ணால் பார்க்க வேண்டியது.

ஸ்கவுட்டுகள் மதிப்பெண் போடும் முறையே விநோதமானது. 20-ல் தொடங்கி 80-ல் முடியும். 50 என்றால் மேஜர் லீகின் சராசரி ஆட்டக்காரர். பேட்டிங் திறன், அடியின் பலம், ஓட்டம், ஃபீல்டிங், எறியும் கை என்று ஐந்து விஷயங்கள். பள்ளி மாணவன் என்றால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்கள் போடுவார்கள். ஒன்று, இன்று எப்படி இருக்கிறான். இன்னொன்று, வளர்ந்தால் எப்படி இருப்பான். தோலுக்கு இந்த இரண்டாவது எண் கிடையாது. பையனுக்கு அதுதான் எல்லாம். அதனால்தான் தோள் அகலத்தையும் மணிக்கட்டையும் பார்ப்பவர்கள், கேலரியில் உட்கார்ந்திருக்கும் அப்பா அம்மாவின் உயரத்தையும் ஓரக்கண்ணால் பார்த்து வைத்துக்கொள்கிறார்கள். 15 வயதில் மீசை முளைத்துப் பெரிய ஆள் போல இருப்பவன் இன்று எல்லோரையும் அடித்து நொறுக்கலாம். மூன்று வருடத்தில் மற்றவர்கள் அவன் உயரத்துக்கு வந்துவிட்டால்?

பேட்டிங்கில் ஒரு முக்கியமான பொறி இருக்கிறது. அமெரிக்கப் பள்ளிகளில் உலோக பேட்டால் ஆடுவார்கள். அதில் பந்து விளிம்பில் பட்டால்கூடப் பறக்கும். மேஜர் லீகில் மர பேட். அதே அடிக்கு அங்கே பேட் உடைந்து கையோடு வரும். எனவே மர பேட்டில் ஆடும் போட்டிகளைத் தேடிப் போய்ப் பார்ப்பவர்தான் விவரமான ஸ்கவுட். நம் ஊரில் அந்த உலோக பேட்டின் வேலையைச் செய்வது டென்னிஸ் பந்து. அதில் கண்ணை மூடிக்கொண்டு சுற்றினாலும் பறக்கும். லெதர் பந்து உள்ளே ஸ்விங் ஆகி வரும்போதுதான் காலும் தலையும் எங்கே இருக்கின்றன என்பது தெரியும். பையன் எத்தனை சிக்ஸர் அடித்தான் என்று எண்ணுவதை விட, அடிக்கக் கூடாத பந்தை விடுகிறானா என்று கவனிப்பது மேல்.

ஃபீல்டிங்கில் ஸ்கோர் கார்டு நன்றாகவே பொய் சொல்லும். சோம்பேறி ஃபீல்டர் பந்துக்கே போக மாட்டான், அவன் கணக்கில் தவறும் ஏறாது. சுறுசுறுப்பானவன் எட்டாத பந்தையும் எட்டிப் பிடிக்கப் போய் நழுவ விடுவான். பேட்டில் பந்து படும் நொடியில் முதல் அடி எந்தப் பக்கம் போகிறது, பந்து கையுறையிலிருந்து எறியும் கைக்கு எவ்வளவு சீக்கிரம் மாறுகிறது — இதைத்தான் ஸ்கவுட் எழுதிக்கொள்வார்.

எறிபவனிடம் முதலில் வேகம். அதற்குப் பிறகுதான் சுவாரஸ்யம். ஒவ்வொரு எறியிலும் உடல் ஒரே மாதிரி இயங்குகிறதா? இரண்டாவது வகைப் பந்து ஒன்று கைவசம் இருக்கிறதா? கடைசி இன்னிங்ஸில் வேகம் எவ்வளவு குறைகிறது? ஒரு அடி வாங்கிய பிறகு முகம் எப்படி இருக்கிறது? அப்புறம் தோள்பட்டை, முழங்கை. 15, 16 வயதுப் பையன் ஒரே நாளில் 95 பந்துக்கு மேல் எறியக் கூடாது என்று அமெரிக்காவில் வழிகாட்டுதலே இருக்கிறது. நம் ஊர் டோர்னமென்ட்டுகளில் காலையில் ஒரு மேட்ச், மதியம் ஒரு மேட்ச், சாயங்காலம் ஃபைனல். மூன்றிலும் ஒரே பையன் பந்து வீசுவான், வலி என்றால் ஒரு ஸ்ப்ரே! ஜெயித்த கோப்பை வீட்டுக்கு வரும். தோள் திரும்பி வராமலும் போகலாம்.

'வேண்டாம்' என்று சொல்லத் தெரிந்த கண்ணுக்கும் மதிப்பு உண்டு. 1987-ல் சென்னை எம்.ஆர்.எஃப் பேஸ் ஃபவுண்டேஷனுக்கு வேகப்பந்து வீச்சாளனாகும் கனவோடு ஒரு மும்பை சிறுவன் வந்தான். டென்னிஸ் லில்லி அவனைப் பார்த்துவிட்டு, பேட்டிங்கில் கவனம் வைக்கச் சொல்லி அனுப்பினார். பெயர் சச்சின் டெண்டுல்கர்.

இன்னொரு பக்கம், சேலம் சின்னப்பம்பட்டியின் நடராஜன். இருபது வயது வரை டென்னிஸ் பந்து கிரிக்கெட்தான். அவரிடம் இருப்பதைக் கண்டு கைபிடித்துச் சென்னைக்கு அழைத்து வந்தவர் ஜெயப்பிரகாஷ். 2015-ல் ரஞ்சி அறிமுகம் ஆன கையோடு, பந்துவீசும் விதத்தில் சந்தேகம் கிளம்பியது. பலர் அங்கேயே ஊர் திரும்பியிருப்பார்கள். அவர் கையை முதலிலிருந்து பழக்கினார். டி.என்.பி.எல்-லில் வீசிய யார்க்கர்கள் ஐ.பி.எல் ஆட்களின் கண்ணில் பட, 2017 ஏலத்தில் பஞ்சாப் அணி 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. 2020-21 ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில் மூன்று வகைக் கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். ஒரே பயணத்தில் அப்படி ஆன முதல் இந்தியர் அவர்தான்.

பேரணாம்பட்டு அப்பா இப்போது செய்யக்கூடியது என்ன? பையனுக்கு ஒரு லெதர் பந்தும் அதற்கேற்ற ஒரு கோச்சும். வேலூர் மாவட்ட அளவில் வயதுப் பிரிவு அணிகளுக்கான செலக்‌ஷன் எப்போது என்று பி.டி. மாஸ்டரிடம் விசாரித்து வைத்துக்கொள்வது. பிறந்த தேதிச் சான்றிதழில் விளையாடாமல் இருப்பது; சிறுவர் பிரிவுகளில் மணிக்கட்டை எக்ஸ்-ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்க்கிறது கிரிக்கெட் வாரியம். பரீட்சை? இரண்டையும் சேர்த்தே ஓட்ட வேண்டியதுதான். ரிங்குவோடு போனவருக்கு அணியில் இடம் இருந்தது இரண்டே வருடம்.

சின்னப்பம்பட்டியில் நடராஜன் தன் சொந்த ஊர்ப் பையன்களுக்காக ஒரு கிரிக்கெட் மைதானம் அமைத்திருக்கிறார். 2023 ஜூனில் தினேஷ் கார்த்திக் வந்து அதைத் திறந்துவைத்தார்.