நிக்காஹ் நடந்தது உண்மை, கடதாசி எங்கே?

"கல்யாணம் நடந்தபோது உங்கள் கணவர் எங்கே இருந்தார்?"

கண்ணாடிக்கு அப்பால் இருந்த அதிகாரி இப்படிக் கேட்டதும் எங்கள் அயல்வீட்டு மகள் திகைத்துப் போனாள். பதில் தெரியாமலில்லை. கணவர் அமெரிக்காவில் இருந்தார். அவருடைய நானா வக்கீலாக அமர்ந்து, இவளுடைய வாப்பாவின் கையைப் பிடித்து நிக்காஹை ஏற்றுக்கொண்டார். மாப்பிள்ளை ஊருக்கு வந்தது ஐந்து மாதங்களின் பின்னர்தான். வலீமாவும் விவாகப் பதிவும் அப்போதுதான் நடந்தன. ஆறு வாரங்கள் மனைவியுடன் இருந்துவிட்டுத் திரும்பிப் போனவர், அங்கிருந்து அவளை அழைப்பிக்க விண்ணப்பித்தார். விண்ணப்பத்தில் அவர் எழுதியது நிக்காஹ் நடந்த நாள். சான்றிதழில் இருந்ததோ பதிவு நடந்த நாள்.

"அதன் பிறகு இருவரும் ஒன்றாக வாழ்ந்தீர்களா?" என்பது அடுத்த கேள்வி. முன்பின் தெரியாத ஆண் ஒருவர் கேட்கிறார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நம் வீடுகளில் குமரின் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். அங்கே மௌனம் என்பது பதில் இல்லை என்பதாகவே குறிக்கப்பட்டது.

வெளியே குடையைப் பிடித்தபடி காத்திருந்த உம்மாவிடமும் என்னிடமும் அவள் ஒரு துண்டுக் கடதாசியைக் கொண்டுவந்து கொடுத்தாள். "விஸா இல்லையாம் உம்மா" என்று அழுதாள். அன்று எங்களுக்கு அந்தத் துண்டின் பொருள் விளங்கவில்லை. பிறகு விசாரித்து அறிந்துகொண்டவற்றையே இங்கே எழுதுகிறேன். பிள்ளைகளை அமெரிக்காவுக்குக் கட்டிக் கொடுக்கும் குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன அல்லவா?

முதலில் அந்தத் துண்டு. அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தின் 221 (ஜீ) பிரிவின் கீழ் கொடுக்கப்படுவது அது. ஏதோ ஓர் ஆவணமோ விளக்கமோ போதாது, கொண்டுவந்தால் மீண்டும் பார்ப்போம் என்பதே அதன் கருத்து. கதவு முழுவதுமாக அடைபடவில்லை. ஆனால் ஒரு வருடத்துக்குள் பதில் கொடுக்க வேண்டும். பயந்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டால் கட்டிய பணமும் காத்திருந்த காலமும் வீணாகிவிடலாம்.

இனி அந்தக் கேள்வி ஏன் வந்தது என்று பார்ப்போம். மணமக்கள் ஒருவர் முன்னிலையில் மற்றவர் இல்லாமல் நடந்த திருமணத்தை அந்நாட்டுக் குடிவரவுச் சட்டம் கணவன் மனைவி உறவாகக் கொள்வதில்லை. திருமணத்தின் பின் இருவரும் தாம்பத்திய வாழ்வில் இணைந்திருந்தால் மாத்திரமே விலக்கு உண்டு. தொலைபேசி நிக்காஹ், வக்கீல் வைத்து நடத்தும் நிக்காஹ் எல்லாம் இதற்குள் அடங்கும். மணமகன் பள்ளிவாசலிலும் மணமகள் வீட்டு அறையிலும் இருக்க நடக்கும் நம் வழமையான நிக்காஹ்களில்கூட இக்கேள்வி எழ இடமுண்டு. ஆகவே அந்த அதிகாரி கேட்டது அவளை அவமானப்படுத்துவதற்காக அல்ல. அவளுடைய வழக்கு முழுவதும் அந்த ஒரு பதிலில்தான் தங்கியிருந்தது. இதை முன்கூட்டியே ஒரு பெண் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தால், "ஆம், ஆறு வாரங்கள் என் கணவருடன் வாழ்ந்தேன்" என்ற ஒரே வசனத்தோடு அது முடிந்திருக்கக் கூடும்.

நம் நாட்டின் 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி, பதிவு செய்யப்படவில்லை என்ற காரணத்தால் மாத்திரம் ஒரு நிக்காஹ் செல்லாமற் போவதில்லை. இதைத் தெரிந்து வைத்திருக்கும் பெரியவர்கள் பதிவைப் பிற்போடுகிறார்கள். அந்தச் சட்டத்தின்படியான பதிவேட்டில் மணமகனும் வலீயும் ஒப்பமிடுவார்கள், மணமகள் ஒப்பமிடத் தேவையில்லை. படம் பிடிப்பதை விரும்பாத வீடுகளில் மணமக்கள் சேர்ந்து நிற்கும் ஒரு படமும் இராது. ஆக, ஊர் முழுவதும் சாப்பிட்டுவிட்டுப் போன கல்யாணத்துக்கு அந்தப் பெண்ணின் கையெழுத்தோ முகமோ உள்ள ஒரு தாளும் மிஞ்சுவதில்லை. இது நமது கவனக்குறைவுதான்.

பெயர்கள் இன்னொரு தொல்லை. முஹம்மது என்ற பெயர் ஆங்கிலத்தில் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும் கடவுச்சீட்டில் மூன்றாம் விதமாகவும் இருக்கும். சிலரிடம் மூன்று முதலெழுத்துக்கள் இருக்கும், அவற்றின் விரிவு எங்கும் இராது. இரண்டும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்து வைத்துக்கொள்வது உதவும். அதைவிட நல்லது நேரத்தோடு பத்திரங்களையே திருத்திக்கொள்வது. தமிழிலும் சிங்களத்திலும் உள்ள சான்றிதழ்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும்.

நடைமுறை இதுதான். அமெரிக்கப் பிரஜையான கணவர் ஐ-130 படிவத்தை அனுப்புவார். பிரஜையின் மனைவி, 21 வயதுக்குக் குறைந்த மணமாகாத பிள்ளைகள், பெற்றோர் ஆகியோருக்கு ஆண்டு எண்ணிக்கை வரம்பு கிடையாது. சகோதர சகோதரிகளுக்கான வரிசையோ மிக நீண்டது, பதினைந்து ஆண்டுகளையும் தாண்டுவதுண்டு. நானா அழைப்பிப்பார் என்று நம்பிப் பிள்ளைகளின் படிப்பையும் கல்யாணத்தையும் தள்ளிப்போடுவோருக்கு இதைச் சொல்லியாக வேண்டும்.

படிவம் அங்கீகரிக்கப்பட்ட பின் கட்டணம், இணையவழி விண்ணப்பம், சான்றிதழ்கள், பின்னர் மருத்துவப் பரிசோதனை, இறுதியில் நேர்முகம். பதினாறு வயதுக்குப் பின் வேறொரு நாட்டில் பன்னிரண்டு மாதங்களோ அதற்கு மேலோ வாழ்ந்தவர் அந்நாட்டுப் பொலிஸ் சான்றிதழும் கொடுக்க வேண்டும். மத்திய கிழக்கில் வேலை செய்து திரும்பியவர்கள் இதை நேர்முகம் வரும் வரை விட்டு வைக்கக் கூடாது. படத்துக்காக ஹிஜாபை அகற்ற வேண்டியதில்லை, ஆனால் முகம் முழுவதும் தெரிய வேண்டும்.

கணவர் ஐ-864 என்ற பொறுப்புறுதிப் பத்திரத்திலும் ஒப்பமிடுவார். அவருடைய வருமானம் அந்நாட்டு வறுமைக் கோட்டின் நூற்றுக்கு 125 அளவிலாவது இருக்க வேண்டும். போதாவிட்டால் அங்கு வாழும் வேறொருவர் சேர்ந்து ஒப்பமிடலாம். விவாகரத்து நடந்தாலும் இந்தப் பொறுப்பு நீங்காது. இதைப் பெண் வீட்டார் மனதில் வைத்திருக்க வேண்டும். முன்னர் மணமுடித்து தலாக் ஆனவர் காதி நீதிமன்றப் பத்திரத்தைக் காட்ட வேண்டும். முதல் மனைவி இருக்க இரண்டாவதாகக் கட்டிய மனைவியை அழைப்பிக்க அங்கே வழியே இல்லை. இந்நாட்டில் அது சட்டப்படி நடந்திருந்தாலும் அப்படித்தான். இதை மறைத்துக் குமரைக் கேட்டு வரும் மாப்பிள்ளைமாரும் உண்டு என்பதால் வலீமார் விசாரிக்க வேண்டும்.

நேர்முகத்தில் ஆங்கிலப் புலமையைச் சோதிப்பதில்லை. வலது கையை உயர்த்தி உண்மை பேசுவதாக உறுதி சொல்ல வேண்டும். யார் பேசி முடித்தது, கணவர் என்ன வேலை செய்கிறார், அவருடன் யார் இருக்கிறார்கள், எத்தனை முறை வந்து போனார் என்று கேட்பார்கள். மாமி மனப்பாடம் செய்யக் கொடுத்த பதில்களை ஒப்புவிக்கப் போய்த் தடுமாறுவதே அதிகம். தெரியாததைத் தெரியாது என்பதில் குற்றமில்லை. பொய்யோ நிரந்தரத் தடைக்கே வழிவகுக்கும்.

எங்கள் அயல்வீட்டு மகள் என்ன செய்தாள்? மாப்பிள்ளை வந்து போன முத்திரைகள் உள்ள கடவுச்சீட்டுப் பக்கங்கள், நுவரெலியாவில் இருவரும் தங்கிய விடுதியின் பற்றுச்சீட்டு, வலீமா அன்று மச்சி ஒருத்தி எடுத்து வைத்திருந்த மூன்று படங்கள், நிக்காஹ் நடந்த நாளை உறுதிப்படுத்தும் பள்ளிவாசல் கடிதம், இரண்டு திகதிகளும் ஏன் வேறுபட்டன என்று விளக்கும் சத்தியக்கடதாசி எல்லாவற்றையும் திரட்டினாள். அந்தப் பற்றுச்சீட்டைத் தேடி எடுத்தது அவளுடைய உம்மாதான். கணக்குக் கொப்பிக்குள் மடித்து வைத்திருந்தார். இரண்டாம் முறை கேள்வி வந்தபோது அவள் தலை குனியவில்லை.

நான்கு மாதங்களில் விஸா கிடைத்தது. தாமதத்திலும் ஒரு நன்மை இருந்தது. மணமுடித்து இரண்டு ஆண்டுகள் ஆகுமுன் போய்ச் சேரும் மனைவிக்கு நிபந்தனையோடு கூடிய இரண்டு ஆண்டு அட்டையே கிடைக்கும். அது முடிவடைவதற்கு முந்திய 90 நாட்களுக்குள் இருவரும் சேர்ந்து மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும். கணவரின் கொடுமைக்கு ஆளான மனைவி தனியாகவே விண்ணப்பிக்கவும் சட்டம் இடம் தருகிறது. இதை அறியாமல் அடி வாங்கிக்கொண்டு இருக்கத் தேவையில்லை. இவள் போய் இறங்கியபோது நிக்காஹ் நடந்து இரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தபடியால் பத்து ஆண்டு அட்டையே வந்தது.

சென்ற மாதம் இளையவளுக்குப் பேசி முடித்தார்கள். மாப்பிள்ளை கட்டாரில். "அவர் வந்து இறங்கட்டும், பிறகு நாள் வைப்போம்" என்றார் உம்மா. பதிவாளருக்கும் அன்றைக்கே சொல்லி வைத்திருக்கிறார்.