உலாவிப் போர் – 6: வாசலில் நடந்த பேரம்

1997 செப்டம்பர் கடைசி. மைக்ரோசாஃப்ட்டின் உலாவியான இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4 வெளியான இரவு, அந்நிறுவனத்து ஆட்கள் சிலர் பிரம்மாண்டமான நீல நிற 'இ' சின்னத்தைக் கொண்டுபோய், மவுன்டன் வியூவில் போட்டி நிறுவனமான நெட்ஸ்கேப்பின் அலுவலகத்துப் புல்வெளியில் வைத்துவிட்டு வந்தார்கள். நெட்ஸ்கேப்காரர்கள் விடுவார்களா? அதைக் கீழே தள்ளி, மேலே தங்கள் மொஸில்லா டைனோசரை நிறுத்தி, ஓர் அட்டையையும் மாட்டினார்கள்: 'நெட்ஸ்கேப் 72, மைக்ரோசாஃப்ட் 18.' சந்தைப் பங்குக் கணக்கு.

அந்தக் கணக்கைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவர்களுக்கு, ஆட்டம் ஒன்றரை ஆண்டுக்கு முன்பே கைமாறிவிட்டது உறைக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

1996 மார்ச் 11. அமெரிக்க வீடுகளுக்குத் தொலைபேசி வழியாக இணையம் கொடுத்துவந்த ஏஓஎல், நெட்ஸ்கேப்புடன் ஒப்பந்தம் என்று அறிவித்தது. மறுநாளே இன்னொரு அறிவிப்பு: ஏஓஎல் மென்பொருளுக்குள் இருக்கப்போவது எக்ஸ்ப்ளோரர். ஒரே இரவில் மனம் மாறியதல்ல. இரண்டு பேரமும் கூடவே நடந்துகொண்டிருந்தன. மைக்ரோசாஃப்ட் கொடுத்த விலை, விண்டோஸ் 95 முகப்புத் திரையில் ஏஓஎல்லுக்கு ஓர் இடம். தன் சொந்த இணையச் சேவையான எம்எஸ்என்னுக்கு அது போட்டி என்று தெரிந்தேதான் கொடுத்தது. நெட்ஸ்கேப்பிடம் கொடுப்பதற்கு அப்படியொரு வாசல் கிடையாது.

கணினி விற்பவர்களிடமும் இதே கதை. எக்ஸ்ப்ளோரர் சின்னத்தைத் திரையிலிருந்து எடுத்த காம்பேக் நிறுவனத்துக்கு, விண்டோஸ் உரிமத்தையே ரத்து செய்வோம் என்று நோட்டீஸ் போனது. சின்னம் திரும்பி வந்துவிட்டது.

இத்தனையும் பின்னால் நீதிமன்றத்தில் பதிவானவை. ஆனாலும், பழியை முழுக்க மைக்ரோசாஃப்ட் தலையில் கட்டிவிட எனக்கு மனம் வரவில்லை. ஏஓஎல் கேட்டது தன் மென்பொருளுக்குள் பொருத்திக்கொள்ளக்கூடிய உலாவியை. எக்ஸ்ப்ளோரர் 3 பகுதி பகுதியாகக் கழற்றி மாட்டும்படி எழுதப்பட்டிருந்தது. நெட்ஸ்கேப்பின் உலாவியான நேவிகேட்டரை அப்படிப் பிரிக்க முடியாது. அதைச் சரிசெய்ய வேண்டிய நேரத்தில், மின்னஞ்சல், செய்திக்குழு, பக்கம் வடிவமைக்கும் கருவி எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி, 1997இல் 'கம்யூனிகேட்டர்' என்று இறக்கினார்கள். கனத்தது, அடிக்கடி படுத்துக்கொண்டது. எக்ஸ்ப்ளோரரோ இலவசம்.

1997இன் கடைசிக் காலாண்டில் மட்டும் நெட்ஸ்கேப்புக்கு நஷ்டம் 8.8 கோடி டாலர். 1998 ஜனவரியில் ஆட்குறைப்பு, உலாவிக்கு இனி விலை இல்லை என்ற அறிவிப்பு, மூல நிரலையே ஊருக்குத் திறந்துவிடும் முடிவு. நவம்பரில் 420 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்து நெட்ஸ்கேப்பை வாங்க முன்வந்தது யார் தெரியுமா? அதே ஏஓஎல். வாங்கிய பிறகாவது நெட்ஸ்கேப்பைத் தன் மென்பொருளுக்குள் வைத்ததா என்றால், இல்லை. விண்டோஸ் திரையில் கிடைத்த இடத்தை விட மனமில்லாமல் எக்ஸ்ப்ளோரரையே வைத்துக்கொண்டது. நிரலை அடியிலிருந்து திருப்பி எழுதப் போன நெட்ஸ்கேப்காரர்கள், பதிப்பு 5ஐத் தாண்டி 2000 நவம்பரில் 6ஐ அரைவேக்காடாக வெளியிட்டபோது பயனர்களில் பெரும்பாலோர் போய்விட்டிருந்தார்கள்.

2003 மே மாதம், நெட்ஸ்கேப் சார்பில் தன் மீது தொடரப்பட்டிருந்த வழக்கைத் தீர்த்துக்கொள்ள மைக்ரோசாஃப்ட் 75 கோடி டாலர் கொடுத்தது. பணம் போனது, அதற்குள் டைம் வார்னருடன் இணைந்து ஏஓஎல் டைம் வார்னர் ஆகியிருந்த அதே ஏஓஎல்லுக்கு. கூடவே ஏழு ஆண்டுகளுக்கு எக்ஸ்ப்ளோரரைக் கட்டணமின்றிப் பயன்படுத்தும் உரிமையும். ஜூலையில் நெட்ஸ்கேப் குழு கலைக்கப்பட்டது. திறந்துவிட்ட நிரலைப் பார்த்துக்கொள்ளப் புதிதாகத் தொடங்கிய மொஸில்லா அறக்கட்டளைக்கு ஏஓஎல் ஒதுக்கியது 20 லட்சம் டாலர். அதை வைத்துக்கொண்டு அவர்கள் செய்த காரியம் அடுத்த வாரம்.

(தொடரும்)