தோசை மாவுக்கு ஒரு வெப்பநிலைப் பெட்டி

மாணவர்களே, இரவு 9 மணிக்கு அம்மா தோசை மாவை அரைத்து, உப்புப் போட்டுக் கரைத்து மூடி வைக்கிறார். காலையில் திறந்து பார்த்தால் சில நாள் மாவு அழகாகப் பொங்கி நிற்கிறது. சில நாள் பாத்திரத்தை மீறி வழிந்து, புளிப்பு வாசம் மூக்கைத் துளைக்கிறது. இரவெல்லாம் மழை பெய்திருந்தால் பொங்காமல் கல்போலக் கிடக்கிறது. அரிசியும் உளுந்தும் கையும் மாறவில்லை. அப்படியானால் மாறியது எது?

ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் என் அம்மா பல ஆண்டுகள் மாவு அரைத்து அண்டை வீட்டாருக்கு விற்றார். வெயில் கொளுத்திய ஒரு வாரத்தில் மூன்று நாள் மாவு புளித்துப்போய், எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதாயிற்று. மூன்று நாள் வருமானம் போனது. "உளுந்து சரியில்லை" என்றார் அம்மா. நான் அடுக்களையில் ஒரு வெப்பமானியை மாட்டினேன். இரவு 10 மணிக்கும் அது 31 பாகை செல்சியஸ் காட்டியது. குற்றவாளி உளுந்து அல்ல, வெப்பம்தான் என்று அன்று தெரிந்தது.

மாவுக்குள் யார்?

மாவைப் பொங்க வைப்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அவற்றை நாம் கடையில் வாங்குவதில்லை. உளுந்தோடும் அரிசியோடும் அவை தாமாகவே வந்துவிடுகின்றன. 1965-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இட்லி மாவை ஆராய்ந்து, அதைப் பொங்க வைப்பதில் முக்கியப் பங்கு லியூகோனாஸ்டாக் மெசென்டராய்டிஸ் என்ற பாக்டீரியாவுக்கு என்று காட்டினார்கள். அது மாவில் உள்ள சர்க்கரையைத் தின்று இரண்டு பொருள்களை வெளியிடுகிறது. ஒன்று கரியமில வாயு; மற்றொன்று லாக்டிக் அமிலம். வாயு மாவைப் பொங்க வைக்கிறது, அமிலம் புளிப்பைத் தருகிறது. உளுந்தின் வழவழப்பு அந்த வாயுக் குமிழிகளைத் தப்பவிடாமல் பிடித்து வைக்கிறது. அதனால்தான் உளுந்து குறைந்தால் இட்லி தட்டையாகிறது.

நுண்ணுயிர்களின் வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது. இந்த அளவு வெப்பத்தில், வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது ஒரு பொதுக் கணக்கு. 30 பாகையில் 8 மணி நேரத்தில் பொங்கும் மாவு, 26 பாகையில் பொங்க ஏறக்குறைய பத்தரை மணி நேரம் எடுக்கும். அதாவது 9 மணிக்கு வைத்த மாவு அதிகாலை 5 மணிக்குத் தயாராவதற்குப் பதிலாக, 7.30-க்குத் தயாராகும். விடுமுறை நாளில் எழுந்து பசியாறச் சரியான நேரம்!

பினாங்கு மலை உச்சி ஏறக்குறைய 830 மீட்டர் உயரம். அங்கே ஜோர்ஜ்டவுனைவிட ஐந்து பாகை அளவுக்குக் குளிர். ஒரே மாவை இரண்டாகப் பிரித்து ஒன்றை மலைமேல் வைத்தால் அது மெதுவாகத்தான் பொங்கும். வெப்பநிலையைப் பிடித்தால் நேரத்தைப் பிடிக்கலாம். இன்று நாம் கற்கப்போவது இதுதான்.

பீர் ஆலைகள் கற்றுத் தந்த பாடம்

நொதித்தலும் வெப்பமும் மோதும் இந்தச் சிக்கலோடு நீண்ட காலம் போராடியவர்கள் ஐரோப்பாவின் பீர் ஆலைக்காரர்கள். அந்தப் பானம் உங்களுக்கு வேண்டாம், அவர்கள் கண்டுபிடித்த அறிவியல் வேண்டும். கோடை வெப்பத்தில் பீர் கெட்டுப்போனதால், ஜெர்மனியின் பவேரியாவில் 1553-ஆம் ஆண்டு கோடை மாதங்களில் பீர் காய்ச்சுவதற்கே தடை விதித்தார்கள். குளிர்காலத்தில் ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியை நிலவறைகளில் சேமித்துச் சமாளித்தார்கள். 1870-களில் கார்ல் வான் லிண்டே என்ற பொறியாளர் வடிவமைத்த குளிரூட்டும் இயந்திரத்தை முதலில் பயன்படுத்தியவற்றுள் ஒன்று மியூனிக் நகரின் ஸ்பாட்டன் பீர் ஆலை. உங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி அந்த இயந்திரத்தின் பேரப்பிள்ளை போன்றது.

இன்னொன்றும் உண்டு. பள்ளி ஆய்வகத்தில் அமிலத்தை அளக்க நீங்கள் பயன்படுத்தும் பிஎச் அளவுகோலை 1909-ஆம் ஆண்டு உருவாக்கியவர் சோரன் சோரன்சென். அவர் வேலை செய்த இடம் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வுக்கூடம்.

பெட்டியைச் செய்வோம்

தேவையானவை: சந்தையில் மீன் வரும் வெள்ளை பாலிஸ்டைரீன் பெட்டி மூடியோடு ஒன்று, வெப்பமானி ஒன்று, அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் இரண்டு, பழைய துண்டு ஒன்று. பெட்டியைச் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவி வெயிலில் காய வையுங்கள்.

1. பாட்டில்களில் தண்ணீரை விளிம்புவரை நிரப்பாமல், கொஞ்சம் இடம்விட்டு ஊற்றி உறைய வையுங்கள். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது கன அளவு ஏறக்குறைய 9 விழுக்காடு கூடும். இடம் இல்லாவிட்டால் பாட்டில் வெடிக்கும்.

2. மாவுப் பாத்திரத்தைப் பெட்டியின் நடுவில் வையுங்கள். மூடியைத் திருகி இறுக்காதீர்கள். வாயு வெளியேற வழி வேண்டும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் மாவு இருக்கக்கூடாது.

3. வெப்பமானியின் முனையைப் பாத்திரத்தின் வெளிச்சுவரில் ஒட்டி, அதன்மேல் ஒரு துண்டுத் துணியை வைத்துக் கட்டுங்கள். காற்றின் வெப்பநிலை சட்டென்று மாறும், மாவின் வெப்பநிலை மெதுவாகத்தான் மாறும். நமக்கு வேண்டியது மாவின் வெப்பநிலை.

4. உறைந்த பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பாத்திரத்தின் பக்கத்தில் வையுங்கள். சுற்றாவிட்டால் முதல் சில மணி நேரத்திலேயே அது உருகிவிடும். மாவு முதலில் அளவுக்கு மீறிக் குளிரும், பிறகு விடியும்வரை சூடாகும்.

ஒரு பாட்டில் போதுமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெட்டி 50 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம், சுவர் 2.5 செ.மீ. தடிமன் என்று வையுங்கள். அதன் வழியே ஒவ்வொரு பாகை வேறுபாட்டுக்கும் ஏறக்குறைய 1.2 வாட் வெப்பம் உள்ளே கசியும். வெளியே 30, உள்ளே 26 என்றால் ஏறக்குறைய 5 வாட். பத்து மணி நேரத்தில் 180 கிலோஜூல். இரண்டு கிலோ மாவை 30-இலிருந்து 26-க்கு இறக்க இன்னும் 30 கிலோஜூல். ஆக, மொத்தம் 210.

அரை கிலோ பனிக்கட்டி உருகும்போது 167 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சும். உருகிய தண்ணீர் 26 பாகை வரை சூடாகும்போது இன்னும் 55. கூட்டினால் 222. ஒரே ஒரு பாட்டில் ஓரிரவுக்குப் போதும்! மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் கசிவு கூடும் என்பதால் இரண்டாவது பாட்டிலைத் தயாராக வைத்திருங்கள்.

நீங்களே கட்டுப்படுத்தி

தூங்கப் போகுமுன் வெப்பமானியைப் பாருங்கள். 26-க்கு மேல் இருந்தால் துண்டைக் கொஞ்சம் விலக்குங்கள். கீழே இருந்தால் இன்னொரு சுற்றுச் சுற்றுங்கள். நீங்கள் செய்தது மூன்று வேலை: அளந்தீர்கள், வேண்டிய அளவோடு ஒப்பிட்டீர்கள், அதற்கேற்பச் செயல்பட்டீர்கள். இதற்குப் பின்னூட்டக் கட்டுப்பாடு என்று பெயர். குளிர்சாதனப் பெட்டியும், இஸ்திரிப் பெட்டியும், நம் உடலை 37 பாகையில் வைத்திருக்கும் மூளையும் இதே மூன்று வேலையைத்தான் செய்கின்றன.

நீங்கள் தூங்கும்போது இந்த வேலையைச் செய்யக் கருவி உண்டு. மின்னியல் வெப்பநிலைக் கட்டுப்படுத்தியை ஒரு பழைய சிறு குளிர்சாதனப் பெட்டியோடு இணைப்பார்கள். 26 என்றும், வேறுபாடு 1 என்றும் வைத்தால், 27 ஆனதும் அது குளிரூட்டியை இயக்கும், 26-க்கு இறங்கியதும் நிறுத்தும். அந்த ஒரு பாகை இடைவெளி எதற்கு? இல்லாவிட்டால் இயந்திரம் நொடிக்கொரு முறை இயங்கி, நின்று, கெட்டுப்போகும். ஆனால் நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். கம்பியை நீங்கள் தொடக்கூடாது. சிரிம் முத்திரையுள்ள, செருகிப் பயன்படுத்தும் வகையைப் பெரியவர்கள் வாங்கித் தரட்டும்.

சோதித்துப் பாருங்கள்

ஒரே மாவை ஒரே மாதிரியான இரண்டு கண்ணாடிப் பாத்திரங்களில் சம அளவு ஊற்றுங்கள். ஒன்று பெட்டிக்குள், மற்றொன்று அடுக்களை மேசையில். மாற வேண்டியது வெப்பநிலை ஒன்றுதான். மாவின் மட்டத்தை வெளியே பேனாவால் குறித்து, மணிக்கொரு முறை உயரத்தை எழுதுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் பிஎச் தாளால் அளங்கள். தொடக்கத்தில் 6-க்குப் பக்கத்தில் இருப்பது, நன்றாகப் பொங்கியபின் 4.5-க்குப் பக்கத்தில் வரும். பிறகு நேரத்தையும் உயரத்தையும் வரைபடமாக்குங்கள். இரவில் விழிக்க வேண்டாம். விடுமுறை நாளில் காலையிலேயே தொடங்கலாம். நிறம் மாறிய, பூசணம் பிடித்த மாவைச் சமைக்காதீர்கள், கொட்டிவிடுங்கள்.

என் அம்மா இப்போது மாவை மீன் பெட்டியில்தான் வைக்கிறார். வெப்பமானியைப் பார்க்காமலேயே பெட்டிக்குள் கையை விட்டு, "இன்றைக்கு இன்னொரு பாட்டில் வேண்டும்" என்கிறார். நான் வெப்பமானியைப் பார்ப்பேன். பெரும்பாலும் அம்மா சொன்னது சரியாகவே இருக்கும். முப்பது ஆண்டுகளாக அவர் கையும் அளந்து, ஒப்பிட்டு, செயல்பட்டுத்தான் வந்திருக்கிறது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கை இருக்கும். பெட்டியைச் செய்யுமுன் அவரிடம் கேளுங்கள்.